கார்லோஸ் மோயா யார்? சுனாமி வந்த 2 வாரத்தில் சென்னையில் ஜெயித்து, பரிசுத் தொகையை நிவாரணத்துக்குக் கொடுத்த ஸ்பெயின் வீரர்!

டிசம்பர் 26. தமிழ்நாட்டுக் கடற்கரையில் யாருக்கும் மறக்காத தேதி. 2004-ல் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த சுனாமி, தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 உயிர்களைக் கொண்டுபோனது. நாகப்பட்டினம், கடலூர் பெயர்கள்தான் அடிக்கடி வரும். ஆனால் அன்றைக்கு விழுப்புரம் மாவட்டமும் தப்பவில்லை. திண்டிவனத்தில் இருந்து கிழக்கே சுமார் 35 கி.மீ. போனால் மரக்காணம். உப்பளங்களும் மீனவக் குப்பங்களும் இருக்கிற அந்தக் கரையிலும் அலை ஏறி வந்தது. உயிர்கள் போயின. படகு, வலை, வீடு எல்லாம் போயின.

அதற்குச் சரியாக 2 வாரம் கழித்து, 2005 ஜனவரி 9. அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். சென்னை நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கத்தில் சென்னை ஓப்பன் இறுதிப் போட்டி. ஜெயித்தவர் ஸ்பெயினைச் சேர்ந்த கார்லோஸ் மோயா. கோப்பையை எடுத்துக்கொண்ட அவர், பரிசுத் தொகையை எடுத்துக்கொண்டு போகவில்லை. சுனாமி நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டார்.

டென்னிஸ் பார்க்கும் பழைய ஆட்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். நடாலின் பயிற்சியாளராக மட்டும் அவரைப் பார்த்த இன்றைய தலைமுறைக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. யார் இந்த மோயா? சென்னைக்கும் அவருக்கும் என்ன உறவு? விரிவாகப் பார்க்கலாம்.

விழுப்புரம் மாவட்டம் அளவுள்ள தீவு... 2 நம்பர் ஒன் வீரர்கள்!

கார்லோஸ் மோயா பிறந்தது 1976 ஆகஸ்ட் 27. ஊர், ஸ்பெயினின் மயோர்கா தீவில் உள்ள பால்மா. மத்தியதரைக் கடலில் இருக்கும் இந்தத் தீவின் பரப்பளவு 3,600 சதுர கி.மீ.க்குக் கொஞ்சம் அதிகம். கள்ளக்குறிச்சி தனியாகப் பிரிந்த பிறகு இப்போது இருக்கும் விழுப்புரம் மாவட்டமும் ஏறக்குறைய அந்த அளவுதான்.

அந்தச் சின்னத் தீவில் இருந்து ஆண்கள் டென்னிஸில் உலக நம்பர் ஒன் ஆனவர்கள் 2 பேர். ஒருவர் ரஃபேல் நடால். அவருக்கு 9 வருடம் முன்பே அந்த இடத்தைத் தொட்டவர் மோயா.

ஸ்பெயின் வீரர்கள் என்றாலே களிமண் தரை ஆட்டம்தான் ஞாபகத்துக்கு வரும். சிவப்புத் தூள் போட்ட அந்தத் தரையில் பந்து மெதுவாக வரும், உயரமாக எழும்பும். சுலபத்தில் ஒரு புள்ளியை முடிக்க முடியாது. ஓடி ஓடி, பொறுமையாக ஆடித்தான் ஜெயிக்க வேண்டும். மோயாவும் அந்தப் பள்ளிக்கூடத்தில் வளர்ந்தவர்தான். ஆனால் அவரிடம் கூடுதலாக ஒன்று இருந்தது. 6 அடி 3 அங்குல உயரம், அதோடு பலமான சர்வீஸும் ஃபோர்ஹேண்ட் அடியும். அதனால் வேகமான கடினத் தரையிலும் அவரால் ஜெயிக்க முடிந்தது. சென்னை அரங்கத்தில் இருப்பது கடினத் தரைதான் என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1997: யாரும் எதிர்பார்க்காத இறுதிப் போட்டி

1995-ல் பியூனஸ் அயர்ஸில் மோயா தன் முதல் ஏ.டி.பி. பட்டத்தை ஜெயித்தார். அடுத்த வருடம் குரோஷியாவின் உமாக்கில் ஒரு பட்டம். ஆனாலும் 1997 ஆஸ்திரேலிய ஓப்பனுக்குப் போகும்போது அவருக்குத் தரவரிசைச் சலுகை, அதாவது 'சீடிங்' கிடைக்கவில்லை.

சீடிங் என்றால் என்ன? பெரிய வீரர்கள் முதல் சுற்றிலேயே ஒருவரோடு ஒருவர் மோதிவிடாமல் அட்டவணையில் தள்ளித் தள்ளி வைப்பார்கள். அந்தப் பாதுகாப்பு இல்லாதவருக்கு முதல் நாளே யார் வேண்டுமானாலும் வரலாம். மோயாவுக்கு வந்தவர் யார் தெரியுமா? அதற்கு முந்தைய வருடம் கோப்பையை ஜெயித்த போரிஸ் பெக்கர்!

பெக்கரை முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பினார் மோயா. அரையிறுதியில் மைக்கேல் சாங்கையும் வீழ்த்தினார். இறுதிப் போட்டியில் பீட் சாம்ப்ராஸிடம்தான் தோற்றார். அப்போது அவருக்கு வயசு 20.

பாரிஸில் கோப்பை... 2 வாரம் நம்பர் ஒன்

1998, மோயாவின் வருடம். மாண்டே கார்லோவில் பட்டம். அடுத்து பிரெஞ்ச் ஓப்பன். இறுதிப் போட்டியில் எதிரே நின்றவர் சக நாட்டுக்காரர் அலெக்ஸ் கொரெட்ஜா. 6-3, 7-5, 6-3 என நேர் செட்களில் மோயா ஜெயித்தார். அவர் வாழ்க்கையில் ஜெயித்த ஒரே கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் அதுதான்.

அந்த வருடக் கடைசியில் முன்னணி வீரர்கள் மட்டும் ஆடும் ஏ.டி.பி. இறுதிச் சுற்றில் அதே கொரெட்ஜா கணக்கைத் தீர்த்துக்கொண்டார். முதல் 2 செட்களையும் ஜெயித்திருந்த மோயா, அடுத்த 3 செட்களையும் விட்டுவிட்டார்.

1999 மார்ச் 15. உலகத் தரவரிசையில் மோயா முதலிடம்! கணினித் தரவரிசை வந்த பிறகு ஆண்கள் பிரிவில் அந்த இடத்துக்கு வந்த முதல் ஸ்பெயின்காரர் அவர்தான். ஆனால் அது நீடித்தது 2 வாரம் மட்டுமே.

அதன் பிறகு சோதனைக் காலம். 1999-ல் முதுகில் ஏற்பட்ட எலும்பு விரிசல் அவரை உட்கார வைத்தது. 2000-ல் ஸ்பெயின் முதல்முறையாக டேவிஸ் கோப்பையை ஜெயித்தபோது அந்த இறுதிப் போட்டி அணியில் மோயா இல்லை. நாட்டுக்காக ஆடும் கோப்பை அது. நாட்டின் முதல் நம்பர் ஒன் வீரராக இருந்தவருக்கு அந்தக் குறை சின்னது இல்லை.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மீண்டு வந்தார். 2002-ல் மட்டும் 4 பட்டங்கள். அதில் ஒன்று சின்சினாட்டி மாஸ்டர்ஸ். அப்போதைய நம்பர் ஒன் லெய்ட்டன் ஹெவிட்டை இறுதிப் போட்டியில் தோற்கடித்தார். அதுவும் கடினத் தரையில்.

சென்னைக்கு ஏன் வந்தார்கள்?

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். இவ்வளவு பெரிய வீரர்கள் எல்லாம் நம்ம சென்னைக்கு எதற்கு வந்தார்கள்?

காரணம் காலண்டர்தான். டென்னிஸ் வருடம் ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கும். ஜனவரி மத்தியில் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓப்பன். அதற்கு முன்னால் சூடான வானிலையில், கடினத் தரையில் உடம்பைத் தயார் பண்ண வேண்டும். ஐரோப்பாவில் அப்போது குளிர்காலம். அந்த வாரம் கிடைக்கும் சில போட்டிகளில் சென்னையும் ஒன்று.

1997 முதல் 2017 வரை, 21 வருடம், இந்தப் போட்டி நுங்கம்பாக்கத்தில் நடந்தது. பாட்ரிக் ராஃப்டர், மரின் சிலிச், ஸ்டான் வாவ்ரிங்கா என கிராண்ட்ஸ்லாம் ஜெயித்த பலரும் இங்கே கோப்பையைத் தூக்கியிருக்கிறார்கள். விழுப்புரத்தில் இருந்து சுமார் 160 கி.மீ., திண்டிவனத்தில் இருந்து சுமார் 120 கி.மீ. காலையில் பஸ் ஏறினால் மதியம் அரங்கத்தில் உட்கார்ந்து உலகத் தர வீரர்களைப் பார்த்துவிடலாம் என்கிற தூரம்தான்.

2004-ல் மோயா இங்கே முதல் பட்டம் ஜெயித்தார். இறுதிப் போட்டியில் தாய்லாந்தின் பாராடர்ன் ஸ்ரீசாபனை 6-4, 3-6, 7-6 என வீழ்த்தினார். ஸ்ரீசாபன் லேசான ஆள் இல்லை. 2003-ல் சென்னை சாம்பியன். அதே வருடம் உலகத் தரவரிசையில் முதல் 10 இடங்களுக்குள் போனவர்.

அதே 2004 போட்டியில், மோயாவின் தீவில் இருந்து 17 வயசுப் பையன் ஒருவனும் வந்திருந்தான். டாமி ரொப்ரெடோவோடு ஜோடி சேர்ந்து இரட்டையர் பட்டத்தை ஜெயித்துவிட்டுப் போனான். அந்தப் பையன்தான் ரஃபேல் நடால்.

35 நாட்கள்: செவில்லில் இருந்து சென்னை வரை

மோயாவின் வாழ்க்கையில் மறக்க முடியாத 3 தேதிகள் அடுத்தடுத்து வந்தன.

முதல் தேதி, 2004 டிசம்பர் 5. ஸ்பெயினின் செவில் நகரம். டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியில் ஸ்பெயினும் அமெரிக்காவும் மோதின. அரங்கத்தில் 27,000-க்கும் மேற்பட்ட கூட்டம். முதல் நாளில் மோயா மார்டி ஃபிஷ்ஷை ஜெயித்தார். 18 வயசு நடால் ஆண்டி ரோடிக்கை ஜெயித்தார். கடைசி நாளில் மோயாவும் ரோடிக்கும் மோத, மோயா ஜெயித்தால் கோப்பை ஸ்பெயினுக்கு என்ற நிலை. 3 நேர் செட்களில் ஜெயித்தார். 2000-ல் கைநழுவிப் போனது 4 வருடம் கழித்துக் கையில் வந்தது.

இரண்டாவது தேதி, டிசம்பர் 26. சுனாமி.

மூன்றாவது தேதி, 2005 ஜனவரி 9. சென்னை.

நடப்பு சாம்பியன் வராமல் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தரவரிசைப் புள்ளிகள் 52 வாரத்துக்குத்தான் செல்லும். போன ஜனவரியில் வாங்கிய புள்ளிகள் இந்த ஜனவரியில் கழிந்துவிடும். திரும்ப ஜெயித்தால்தான் அதே அளவு மறுபடி சேரும். எனவே மோயா சென்னைக்கு வந்தது அவருடைய தொழில். அதில் தியாகம் எதுவும் இல்லை. பணத்தைக் கொடுத்ததற்கு அப்படி ஒரு தொழில் காரணமும் இல்லை. கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

இறுதிப் போட்டியில் மறுபடியும் அதே ஸ்ரீசாபன். இதில் இன்னொரு விஷயம் உண்டு. அவருடைய தாய்லாந்தும் அதே சுனாமியில் 5,000-க்கும் மேற்பட்டவர்களை இழந்திருந்தது. ஒரே அலை அடித்த 2 கரைகள். ஒன்றின் நகரத்தில் போட்டி, இன்னொன்றின் மகன் ஆடுகளத்தில்.

முதல் செட்டை ஸ்ரீசாபன் 6-3 என எடுத்தார். இரண்டாவதை மோயா 6-4 என எடுத்தார். மூன்றாவது செட் 6-6 என நின்றது. அப்போது டை-பிரேக் வரும். முதலில் 7 புள்ளி எடுப்பவருக்கு செட். ஆனால் 2 புள்ளி வித்தியாசம் இருக்க வேண்டும். மோயா 7-5 என எடுத்தார். அதாவது 3 செட் ஆடிய பிறகும் வெறும் 2 புள்ளிதான் இருவருக்கும் நடுவே. முந்தைய வருடமும் கடைசி செட் இதே 7-5 டை-பிரேக்கில்தான் முடிந்தது என்பது ஆச்சரியம்!

அது மோயாவின் 18-வது பட்டம். 2005-ல் அவர் ஜெயித்த ஒரே பட்டமும் அதுதான். அந்தப் பணத்தைத்தான் கொடுத்தார்.

ஒரு வீரரின் பரிசுத் தொகையால் என்ன ஆகிவிடும்?

நியாயமான கேள்வி. சென்னை ஓப்பன் கிராண்ட்ஸ்லாம் இல்லை. சர்க்யூட்டில் சிறிய வகைப் போட்டிகளில் ஒன்று. அதன் பரிசுப் பணம், கடல் கொண்டுபோன படகுகளுக்கும் வீடுகளுக்கும் முன்னால் ஒரு கைப்பிடி உப்பு மாதிரிதான். அரசாங்கமும், தொண்டு நிறுவனங்களும், பக்கத்து ஊர் ஜனங்களும் சேர்ந்துதான் அந்தக் கரையை எழுப்பினார்கள். கடற்கரைக் குடும்பங்களுக்குச் சோறும் துணியும் கொடுத்த உள்ளூர்க்காரர்களின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. அதை மறந்துவிட்டு மோயாவை மட்டும் பாராட்டினால் அது சரியாக இருக்காது.

அப்படியானால் இதை ஏன் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்? ஒரு வாரம் வந்து ஆடிவிட்டு மெல்போர்னுக்கு விமானம் ஏறுகிற ஆளுக்கு, விருந்தாளியாக வந்த ஊரின் துக்கத்தைக் கண்டுகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் கண்டுகொண்டார். துக்க வீட்டுக்குப் போனால் நம்மால் ஆனதைக் கொடுத்துவிட்டு வருவது நம்ம ஊர் வழக்கம். கடல் சூழ்ந்த தீவில் பிறந்தவர் அதைத்தான் செய்தார்.

2008: தோற்றும் பேசப்பட்ட ஆட்டம்

2006-லும் மோயா சென்னை இறுதிப் போட்டிக்கு வந்தார். தொடர்ந்து மூன்றாவது முறை. இந்தத் தடவை குரோஷியாவின் இவான் லூபிசிச்சிடம் தோற்றார்.

பிறகு 2008. அரையிறுதியில் 31 வயசு மோயாவும் 21 வயசு நடாலும். ஒரே தீவு, அண்ணன் தம்பி மாதிரிப் பழகியவர்கள். முதல் செட் டை-பிரேக்கில் மோயாவுக்கு. இரண்டாவது செட் டை-பிரேக்கில் நடாலுக்கு. மூன்றாவதும் டை-பிரேக்! மொத்தம் 3 மணி 54 நிமிடம். 3 செட் ஆட்டத்துக்கு இது சாதாரணமாக நடக்காத நேரம். 4 மேட்ச் பாயிண்ட்டுகளைக் காப்பாற்றிய நடால், கடைசியில் 6-7, 7-6, 7-6 என ஜெயித்தார்.

அதற்கு அவர் கொடுத்த விலை மறுநாள் தெரிந்தது. இறுதிப் போட்டியில் நடாலால் ஓடவே முடியவில்லை. ரஷ்யாவின் மிகயில் யூஸ்னி 6-0, 6-1 என ஊதித் தள்ளினார். நடால் சென்னையில் ஒற்றையர் பட்டம் ஜெயித்ததே இல்லை. அதற்கு மிகப் பக்கத்தில் வந்த வருடத்தில் அவரைக் களைத்துப்போக வைத்தவர் மோயாதான்.

அதே வருடம் ஆகஸ்டில் நடால் உலக நம்பர் ஒன் ஆனார்.

ஓய்வுக்குப் பிறகு...

காயங்கள் தொடர்ந்ததால் 2010 நவம்பரில் மோயா ஓய்வை அறிவித்தார். மொத்தம் 20 ஒற்றையர் பட்டங்கள். அதில் 5 உமாக்கில், 2 சென்னையில்.

2014-ல் ஸ்பெயினின் டேவிஸ் கோப்பை அணிக்குக் கேப்டனாக இருந்தார். அது சரியாகப் போகவில்லை. பிரேசிலிடம் தோற்று ஸ்பெயின் உலகக் குழுவில் இருந்து இறங்கியது, அவரும் விலகினார். 2016-ல் கனடாவின் மிலோஸ் ரயோனிச்சுடன் பயிற்சியாளராக வேலை பார்த்தார். ரயோனிச் அந்த வருடம் விம்பிள்டன் இறுதிப் போட்டிக்குப் போனார்.

2016 டிசம்பரில் நடாலின் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். அப்போது நடாலுக்கு 30 வயசு, 14 கிராண்ட்ஸ்லாம். காயங்களால் அவர் கதை முடிந்தது என்று பேசிக்கொண்டிருந்த நேரம். மோயா சேர்ந்த பிறகு நடால் ஜெயித்த கிராண்ட்ஸ்லாம் மட்டும் 8. மொத்தக் கணக்கு 22-க்குப் போனது. 2024 நவம்பரில் நடால் ஓய்வுபெறும் வரை மோயா கூடவே இருந்தார். சென்னையில் வலைக்கு எதிர்ப்பக்கம் 4 மணி நேரம் மோதியவர், பிறகு அவருக்காகவே ஓரத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

சென்னையில் இப்போது அந்தப் போட்டி இருக்கிறதா?

இல்லை. ஆண்களுக்கான ஏ.டி.பி. போட்டி 2018-ல் புனேவுக்குப் போய்விட்டது. சென்னையில் கடைசியாக 2017-ல் பட்டம் ஜெயித்தவரும் ஒரு ஸ்பெயின்காரர்தான், ராபர்டோ பட்டிஸ்டா அகுட். 2022 செப்டம்பரில் பெண்களுக்கான டபிள்யூ.டி.ஏ. போட்டி அதே நுங்கம்பாக்கம் அரங்கத்தில் நடந்தது.

மயோர்காவுக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள தொடர்பு மட்டும் அறுந்துபோகவில்லை. கோவையைச் சேர்ந்த இளம் வீராங்கனை மாயா ராஜேஷ்வரன் ரேவதி, அந்தத் தீவில் உள்ள நடால் அகாடமிக்குப் பயிற்சிக்குப் போயிருக்கிறார். அப்போது அங்கிருந்து இங்கே வந்தார்கள். இப்போது இங்கிருந்து அங்கே போகிறார்கள்.

ஒரு பார்வையில் கார்லோஸ் மோயா

பிறப்பு: 1976 ஆகஸ்ட் 27, பால்மா, மயோர்கா தீவு, ஸ்பெயின்

முதல் ஏ.டி.பி. பட்டம்: 1995, பியூனஸ் அயர்ஸ்

கிராண்ட்ஸ்லாம்: 1998 பிரெஞ்ச் ஓப்பன் சாம்பியன், 1997 ஆஸ்திரேலிய ஓப்பன் இரண்டாமிடம்

உலக நம்பர் ஒன்: 1999 மார்ச் 15 முதல் 2 வாரம்

டேவிஸ் கோப்பை: 2004, ஸ்பெயின் அணி

சென்னை ஓப்பன்: 2004, 2005 சாம்பியன்; 2006 இரண்டாமிடம்; 2008 அரையிறுதி

மொத்த ஒற்றையர் பட்டங்கள்: 20

ஓய்வு: 2010 நவம்பர்

தரவரிசைப் பட்டியலைத் திறந்தால் மோயாவின் பெயருக்கு நேரே 2 வாரம் என்றுதான் இருக்கும். நம்ம ஊர்க் கணக்கில் அவருக்கு வேறொரு 2 வாரமும் உண்டு. டிசம்பர் 26-ல் இருந்து ஜனவரி 9 வரை. அடுத்த டிசம்பரில் மரக்காணம் கரையில் பாலூற்றி, பூத்தூவி அஞ்சலி செலுத்தும் செய்தியை உங்கள் போனில் பார்க்கும்போது, இந்தப் பெயரையும் ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.